விஷக் கதை விஷம் ஆகுமா?

லண்டன் மாநகரம். இரவு நேரம். வயதான பாதிரியார் ஒருவர் தெருவில் தனியாக நடந்து போகிறார்.

சற்று முன்புதான் அவர் ஒரு பெண்ணின் படுக்கை அருகே இருந்துவிட்டு வந்தார். அந்தப் பெண் சாகும் தறுவாயில் இருந்தாள். கடைசி நேரத்தில் சில பேருடைய பெயர்களை அவரிடம் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள்.

பாதிரியார் வீடு போய்ச் சேரவில்லை. வழியிலேயே யாரோ அவரை அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

கொலையாளிக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. பாதிரியார் அந்தப் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதி, தபாலில் போட்டுவிட்டார். அந்தத் தபால் கிராமத்தில் வசிக்கும் ஒரு கிழவியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கிழவிதான் மிஸ் மார்ப்பிள்!

பட்டியலில் இருந்தவர்கள் யார்? அவர்களில் பலர் ஏற்கெனவே செத்துப்போனவர்கள். எல்லாரும் நோயால் செத்ததாகத்தான் டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் மீதும் கத்திக் காயம் இல்லை. குண்டுக் காயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு சாவிலும் யாரோ ஒருவருக்குச் சொத்து வந்து சேர்ந்திருக்கிறது.

இது 2010-ம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் ஐ.டி.வி. தொலைக்காட்சி காட்டிய துப்பறியும் நாடகம். "பேல் ஹார்ஸ்" என்பது அதன் பெயர். "வெளிறிய குதிரை" என்று பொருள். பைபிளின் கடைசி நூலில் மரணம் ஏறி வருவது அந்தக் குதிரையின் மேல்தான். கதை நடப்பது 1950-களில். அந்தக் காலத்து உடை, அந்தக் காலத்துக் கார், அந்தக் காலத்து வீடு எல்லாவற்றையும் கண்முன் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

கதையை எழுதியவர் அகதா கிறிஸ்டி. 1961-ம் ஆண்டில் நாவலாக வந்தது. நாவலில் மிஸ் மார்ப்பிள் கிடையாது. தொலைக்காட்சிக்காரர்கள் அந்தக் கிழவியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஜூலியா மெக்கென்சி என்ற நடிகை அந்த வேடத்தில் நடித்தார்.

கேள்வி இதுதான்

இப்படிப்பட்ட நாடகங்களைப் பற்றி ஒரு புகார் நெடுங்காலமாக உண்டு.

"விஷம் வைத்துக் கொல்லும் கதையை வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாமா? குழந்தைகள் பார்க்கிறார்கள். கெட்ட எண்ணம் உள்ளவன் பார்த்தால், அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது போல் ஆகாதா?"

இது பெற்றவர்களின் கவலை. இதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் வேண்டும்.

இந்தக் கதைக்கு ஒரு சிறப்பு உண்டு. இதில் வரும் விஷம் உண்மையான விஷம். அந்த விஷத்தால் உண்மையாகவே செத்தவர்கள் உண்டு. இந்தக் கதையால் உண்மையாகவே பிழைத்த குழந்தையும் உண்டு. எனவே, கதை பாடம் சொல்லிக் கொடுத்ததா, யாருக்குச் சொல்லிக் கொடுத்தது என்று கணக்குப் பார்க்க முடியும்.

கொலையாளி யார் என்பதைச் சொன்னால் நாடகத்தின் ருசி போய்விடும். அந்த ஆள் திரைக்குப் பின்னாலேயே இருக்கட்டும். விஷத்தின் பெயரை மட்டும் சொல்லியாக வேண்டும்.

மூன்று சூனியக்காரிகள்

பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு மிஸ் மார்ப்பிள் ஒரு கிராமத்துக்குப் போகிறார். அங்கே "வெளிறிய குதிரை" என்ற பெயரில் பழைய விடுதி ஒன்று இருக்கிறது. அங்கே மூன்று பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாந்திரீகம் தெரியும் என்று ஊரார் நம்புகிறார்கள். இருந்த இடத்தில் இருந்தபடியே, தொலைவில் இருப்பவனைச் சாகடிக்க அவர்களால் முடியும் என்று பேச்சு.

மந்திரம் போடுகிறார்கள். பூசை நடக்கிறது. சில நாளில், சொன்ன ஆள் நோயில் விழுகிறான். செத்தும் போகிறான்!

உண்மையில் அந்தப் பூசை வெறும் திரைச்சீலை. எல்லாரும் மந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வேறு ஒரு கை செத்தவனின் வீட்டுக்குள் புகுந்து வேலையை முடித்துவிட்டது. அவன் தினந்தோறும் பயன்படுத்தும் சாதாரணப் பொருளில் விஷம் கலந்தது அந்தக் கைதான்.

சூனியத்தை நம்பியவன் போலீசுக்குப் போகவில்லை. நம்பாதவன் "இது நோய்" என்று சும்மா இருந்தான். இரண்டு பேரும் கேள்வி கேட்கவில்லை. கொலையாளிக்கு அதுதான் வசதியாக இருந்தது.

விஷம் வைப்பவனின் பெரிய பலம் இந்த அறியாமைதான். விஷம் என்று யாருக்கும் தோன்றாத வரையில் அவன் ராஜா. ஒரே ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் அவன் கதை முடிந்தது.

தளிர் என்ற பெயர்

அந்த விஷத்தின் பெயர் தாலியம். இது ஓர் உலோகம். 1861-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் கண்டுபிடித்தார். சூடாக்கிப் பார்த்தபோது, அதன் ஒளியில் அழகான பச்சைக் கோடு தெரிந்தது. கிரேக்க மொழியில் "தளிர்" என்று பொருள்படும் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்.

பெயர் தளிர். குணமோ கொடியது. தாலிய உப்புக்கு ருசி இல்லை; வாசனை இல்லை; நிறமும் இல்லை. நம் உடம்புக்குத் தேவையான பொட்டாசியம் என்ற சத்தும் தாலியமும் ஒன்று போல் இருப்பதால், உடம்பே ஏமாந்து அதை உள்ளே சேர்த்துக்கொள்கிறது.

முதலில் வயிற்றுவலி, வாந்தி. பிறகு கை கால் எரிச்சல். நடக்க முடியாது. பாதத்தில் போர்வை பட்டாலும் வலி தாங்காது. இரண்டு மூன்று வாரம் போனதும் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும்.

அந்த முடிதான் துப்பு! வயிற்றுவலி ஆயிரம் நோயில் வரும். கை கால் எரிச்சலும் பல நோயில் வரும். இந்த இரண்டோடு முடியும் உதிர்ந்தால், தாலியத்தை நினைக்க வேண்டும்.

கிறிஸ்டி இதைக் கதையில் அழகாக வைத்தார். நாவலின் தொடக்கத்தில், ஒரு காப்பிக் கடையில் இரண்டு பெண்கள் சண்டை போடுகிறார்கள். ஒருத்தி மற்றவளின் முடியைப் பிடித்து இழுக்கிறாள். முடி வேரோடு கையில் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வலிக்கவே இல்லை! படிப்பவர் அதை வேடிக்கை என்று நினைத்துக் கடந்து போவார். கதையின் சாவியே அதுதான் என்று கடைசியில் தெரியும்.

இத்தனை நுட்பம் அவருக்கு எப்படித் தெரிந்தது? முதல் உலகப் போரின்போது, அவர் டார்க்கி என்ற ஊரில் ஆஸ்பத்திரியில் தொண்டு செய்தார். அங்கே மருந்து கலக்கும் பகுதியில் வேலை. அதற்கான பரீட்சையிலும் தேறினார். எந்த மருந்து எந்த அளவில் விஷம் ஆகும் என்று தெரிந்துகொண்டது அங்கேதான்.

ஆசிரியை எழுதியதற்கு முன்பே

"கிறிஸ்டி எழுதினார், கொலைகாரர்கள் கற்றுக்கொண்டார்கள்" என்று சிலர் சொல்வதுண்டு. வருடக் கணக்கைப் பார்த்தால் இது நிற்காது.

நாவல் வந்தது 1961-ல். அதற்கு எட்டு ஆண்டு முன்பே, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரம் தாலியத்தால் நடுங்கிக்கொண்டிருந்தது. அங்கே எலித் தொல்லை அதிகம். தாலியம் கலந்த எலி மருந்து கடையில் சர்வசாதாரணமாகக் கிடைத்தது. யார் கேட்டாலும் கொடுத்தார்கள்.

விளைவு? 1952, 1953-ம் ஆண்டுகளில் அங்கே வழக்கு மேல் வழக்கு. கணவனுக்கு மனைவி விஷம் வைத்தாள் என்று ஒரு வழக்கு. சொந்தக்காரர்களுக்கு விஷம் வைத்தாள் என்று இன்னொரு வழக்கு.

அவர்களில் ஒருத்தி கரோலின் கிரில்ஸ். அறுபது வயதைத் தாண்டிய குள்ளமான பாட்டி. தடித்த மூக்குக் கண்ணாடி. உறவினர் வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு போகமாட்டாள். கேக்கும் பிஸ்கோத்தும் செய்து எடுத்துக்கொண்டு போவாள். தானே தேநீர் போட்டுக் கொடுப்பாள். "எவ்வளவு அன்பு!" என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். உறவினர்கள் ஒருவர் பின் ஒருவராக நோயில் விழுந்தார்கள். முடி உதிர்ந்தது, கண் பார்வை போனது.

வேறு தாலிய வழக்குகளைப் பற்றிக் கேள்விப்பட்டபோதுதான் வீட்டாருக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் அவள் கொடுத்த தேநீரைக் குடிக்காமல், போலீசாரிடம் கொடுத்தார்கள். அதில் தாலியம் இருந்தது! 1953-ல் அவள் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 1960-ல் சிறைக் கைதியாகவே இறந்தாள்.

அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த நாவல் எது? எதுவும் இல்லை. கடைக்காரர் விற்ற எலி மருந்துதான் இருந்தது. அவளைக் காட்டிக் கொடுத்தது எது? மற்ற வழக்குகளைப் பற்றி நாலு பேர் பேசிய பேச்சு!

தேநீர் கொடுத்த இளைஞன்

இன்னொரு வழக்கு, இங்கிலாந்திலேயே நடந்தது. கிரஹாம் யங் என்ற சிறுவன். ரசாயனத்தில் கெட்டிக்காரன். வயதைக் கூட்டிச் சொல்லி, படிப்புக்கு என்று பொய் சொல்லி, மருந்துக்கடையில் விஷம் வாங்கினான். தகப்பனார், சகோதரி, பள்ளித் தோழன் என்று பலருக்கும் கொடுத்துப் பார்த்தான். அவனது மாற்றாந்தாய் 1962-ல் இறந்துபோனாள்.

அவனைப் பிடிக்க வழி செய்தது யார்? பள்ளிக்கூடத்து ரசாயன ஆசிரியர்! மாணவனின் மேஜையில் விஷப் புட்டிகள் இருப்பதைப் பார்த்தார். "சின்னப் பையன் விளையாட்டு" என்று அவர் விட்டுவிடவில்லை. விஷயம் போலீசுக்குப் போயிற்று. 14 வயதில் அவனைக் குற்ற மனநோயாளிகளுக்கான பிராட்மூர் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள்.

1971-ல் "குணமாகிவிட்டான்" என்று வெளியே விட்டார்கள். அவனுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அவன் முன்பு என்ன செய்தான் என்பதை முதலாளிக்கு யாரும் சொல்லவில்லை. கூட வேலை செய்பவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுப்பது அவன் வழக்கம்.

கொஞ்ச நாளில் ஆட்கள் வரிசையாக நோயில் விழுந்தார்கள். ஏதோ விஷக்காய்ச்சல் பரவுகிறது என்றார்கள். தண்ணீர் கெட்டுவிட்டது என்றார்கள். இரண்டு பேர் செத்தே போனார்கள். அவர்களில் ஒருவரை எரித்தும் விட்டார்கள்.

டாக்டர் ஒருவர் வந்து, தொழிலாளர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். அப்போது யங் எழுந்து, "தாலியமாக இருக்குமோ என்று ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்டான். தன் புத்திசாலித்தனத்தைக் காட்டும் ஆசை அவன் வாயைக் கிண்டிவிட்டது. போலீசார் அவனது பழைய கதையைத் தோண்டினார்கள். அவன் அறையில் நாட்குறிப்பு கிடைத்தது. எரித்த சாம்பலைச் சோதித்தபோது அதிலும் தாலியம் இருந்தது! 1972-ல் ஆயுள் தண்டனை. 1990-ல் சிறையிலேயே இறந்தான்.

யங் அந்த நாவலைப் படித்துத்தான் கற்றானா என்று அப்போதே கேள்வி எழுந்தது. படித்ததில்லை என்று அவன் சொன்னான். அவன் பேச்சை நம்ப வேண்டியதில்லை. ஆனால் நாவல் கடைக்கு வந்தது 1961 நவம்பரில். அதற்கு முன்பே அவன் வீட்டில் வாந்தியும் வயிற்றுவலியும் தொடங்கிவிட்டன.

இந்த வழக்கில் உயிர்களைக் குடித்தது எது? சின்னப் பையனுக்கு விஷம் விற்ற கடை ஒன்று. அவனது பழைய குற்றத்தை வாய் திறந்து சொல்லாத மௌனம் இன்னொன்று.

பிழைத்த குழந்தை

இனி எதிர்ப்பக்கத்துக் கணக்கைப் பார்க்கலாம்.

1977-ம் ஆண்டு. லண்டனில் உள்ள ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரிக்குக் கத்தார் நாட்டிலிருந்து ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். 19 மாதக் குழந்தை. நினைவு தவறும் நிலை. என்ன நோய் என்று புரியவில்லை. பெரிய பெரிய டாக்டர்கள் பார்த்தார்கள். சோதனை மேல் சோதனை செய்தார்கள். குழந்தையின் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போயிற்று.

குழந்தையைக் கவனித்துக்கொண்ட நர்சு ஒருவர், ஓய்வு நேரத்தில் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அதுதான் "வெளிறிய குதிரை"!

படித்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். குழந்தையின் தலைமுடி உதிர்ந்துகொண்டிருந்தது. நர்சுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர்களிடம் போய், "இது தாலியமாக இருக்கலாம்" என்று சொன்னார்.

டாக்டர்கள் "கதைப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து எங்களுக்கு வைத்தியம் சொல்கிறாயா?" என்று கேட்கவில்லை. அதுதான் அவர்களுடைய பெருமை. சோதித்துப் பார்த்தார்கள். குழந்தையின் உடம்பில் தாலியம் இருந்தது. யாரும் வேண்டுமென்று வைத்த விஷம் அல்ல அது. வீட்டில் கரப்பான் பூச்சியையும் எலியையும் கொல்ல வைத்திருந்த மருந்தில் தாலியம் இருந்திருக்கிறது. தவழும் குழந்தைக்கு அது எப்படியோ எட்டிவிட்டது.

நோய் இன்னது என்று தெரிந்ததும் சரியான சிகிச்சை கொடுத்தார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது!

இந்த விவரத்தை டாக்டர்கள் ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். அதில் நர்சுக்கு நன்றி சொன்னார்கள். அகதா கிறிஸ்டிக்கும் நன்றி சொன்னார்கள். அந்த நன்றியைக் கேட்க ஆசிரியை உயிரோடு இல்லை. 1976 ஜனவரியிலேயே அவர் காலமாகிவிட்டார்.

மறைத்தால் யாருக்கு லாபம்?

இப்போது தராசைத் தூக்கிப் பார்க்கலாம்.

விஷம் வைப்பவனுக்குக் கதைப் புத்தகம் தேவைப்படவில்லை. கடையில் விஷம் கிடைத்தால் அவனுக்குப் போதும். கதைப் புத்தகம் தேவைப்பட்டது நர்சுக்குத்தான். விஷத்தின் அடையாளம் தெரியாமல் தவித்தவர்கள் நல்லவர்களே.

சட்டத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பாஷாணம் மாவு போல் வெள்ளையாக, யாருக்கும் கிடைத்தது. அதைக் கொடுத்துக் கொன்றாலும் காலரா என்று எழுதிவிடுவார்கள். 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ரசாயன நிபுணர், பாஷாணத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையை உலகத்துக்குச் சொன்னார். 1851-ல் சட்டம் வந்தது. வாங்குபவர் கையெழுத்துப் போட வேண்டும். கரியோ நீலமோ கலந்து நிறம் மாற்றித்தான் சில்லறையில் விற்க வேண்டும். விஷத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வெளிச்சமே காவலாக நின்றது.

மிஸ் மார்ப்பிளை இந்தக் கதைக்குள் கொண்டுவந்தது சரியா என்று சிலர் சண்டை பிடிப்பார்கள். சரிதான் என்றே சொல்ல வேண்டும். விஷம் வீட்டுக்குள் நடக்கும் குற்றம். தேநீர்க் கோப்பையும் சோப்பும் முகப்பவுடரும் அதன் களம். வீட்டு நடப்பு முழுவதும் அறிந்த கிழவிக்குத்தான் அங்கே கண் தெரியும். "இவளுக்கு என்ன தெரியும்?" என்று உலகம் ஒதுக்கிவைக்கும் பாட்டி, எல்லாரையும்விட அதிகமாகப் பார்த்துவிடுகிறாள். ஆஸ்பத்திரி நர்சின் கதையும் அதுதானே!

குறையும் உண்டு

இந்த நாடகங்களில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. அழகான வீடு, அழகான உடை, மெல்லிய சங்கீதம். அவற்றுக்கு நடுவில் ஓர் ஆள் நாகரிகமாகச் செத்துப்போகிறார். அடுத்த காட்சியில் எல்லாரும் தேநீர் குடிக்கிறார்கள். தாலியத்தால் சாகிறவன் அப்படிச் சாவதில்லை. வலியால் துடித்து, வாரக் கணக்கில் சாகிறான். அந்த வலியைத் திரை மறைத்துவிடுகிறது. சாவு ஒரு விடுகதையாக மட்டும் ஆகிவிடுகிறது. இது நல்லதல்ல.

சின்னக் குழந்தைகளைத் தனியாக உட்கார்த்தி இவற்றைக் காட்டவும் கூடாது. பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். "இது நிஜத்தில் எப்படி இருக்கும் தெரியுமா?" என்று எடுத்துச் சொல்ல வேண்டும். கதையைத் தடுப்பதைவிட, கதையோடு உட்கார்ந்து பேசுவதே பலன் தரும்.

நாடகம் முடிந்து எழுந்திருக்கும்போது, குடும்பத்தார் இரண்டு காரியங்களை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்று: எலி மருந்தும் பூச்சி மருந்தும் சமையலறையில் இருக்கக் கூடாது. பூட்டி வைக்க வேண்டும். குடிக்கும் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது. கத்தார் நாட்டுக் குழந்தைக்கு யாரும் பகைவர் இல்லை. எட்டும் இடத்தில் மருந்து இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு: காரணம் புரியாத நோய் ஒரே வீட்டில் திரும்பத் திரும்ப வந்தால், விதி என்றும் சூனியம் என்றும் சொல்லிச் சும்மா இருக்கக் கூடாது. டாக்டரிடம் போய், வீட்டில் என்ன மருந்து இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாலியத்துக்குக்கூட மாற்று மருந்து உண்டு. ஓவியத்தில் தீட்டும் ஒரு நீல நிறப் பொருளையே மருந்தாகத் தயாரித்து, டாக்டர்கள் கொடுக்கிறார்கள். நேரத்தோடு போனால் பிழைக்கலாம்.

கதையில் பாதிரியார் செத்துப்போனார். ஆனால் அவர் எழுதிய பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தத் தபால் மட்டும் போகாமல் இருந்திருந்தால், கொலையாளி இன்னும் பல வீடுகளுக்குப் போயிருப்பான். லண்டன் ஆஸ்பத்திரியில் அந்த நர்சின் கைக்குப் போய்ச் சேர்ந்த புத்தகமும் அப்படிப்பட்ட தபால்தான்!